உதிர்ந்த பிட்டும் அறநெறி வகுப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆவணி பிறந்துவிட்டது. பிள்ளையார் சதுர்த்தி, கண்ணன் பிறப்பு, ஆவணி மூலம் என்று கதையுள்ள நாட்கள் நெருக்கமாக வரும் காலம் இது. தோட்டத்துக் கோயில்களின் ஞாயிறு அறநெறி வகுப்புகளில் அந்தந்தக் கதை கரும்பலகையில் எழுதப்படும், பிள்ளைகள் கொப்பியில் இறக்கிக்கொள்வார்கள், பரீட்சை முடிந்ததும் கொப்பியோடு கதையும் மூடப்படும். அதே வாரம் கோயிலில் கொழுக்கட்டை கொடுப்பார்கள், அதை வாங்கித் தின்றுவிட்டு ஓடுவார்கள். கதை ஒரு பக்கம், கொழுக்கட்டை ஒரு பக்கம். இரண்டையும் ஒரே அடுப்பில் ஏற்ற முடியும் என்பதையும் அதற்கு என்ன அளவு, என்ன பக்குவம் என்பதையும் உங்கள் பத்திரிகை வழியாக மலையகத்தின் மற்ற அறநெறி ஆசிரியர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

முதலில் ஒரு விலக்கு. கொழுக்கட்டையின் வெளிமா மாயை, உள்ளிருக்கும் பூரணம் பரம்பொருள் என்று பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்குவதை நிறுத்திவிடலாம். விளக்கம் தவறென்று சொல்லவில்லை. ஆனால் அது பலகாரத்தின் மேல் ஒட்டிய காகிதம்தான், கடித்தவுடன் கிழிந்துவிடும். எந்தப் பண்டத்தைச் செய்யும்போதோ தின்னும்போதோ கதையில் நடந்தது கையிலும் வாயிலும் மறுபடி நடக்கிறதோ, அந்தப் பண்டத்தைத்தான் வகுப்புக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படிச் சலித்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஐந்தாறு பண்டங்களே மிஞ்சும். அது போதும்.

அவற்றில் முதலிடம் பிட்டுக்கு. திருவிளையாடற் புராணத்தின் அறுபத்து நான்கு விளையாடல்களில் 61ஆவது மண் சுமந்த படலம். வைகை பெருகிக் கரை உடைகிறது, வீட்டுக்கு ஒரு பங்கு கரையை அடைத்துத் தரவேண்டும் என்று பாண்டியன் ஆணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆளில்லை. கூலியாளாக வந்து நின்ற இறைவனுக்கும் அவளுக்கும் பேச்சு, உதிர்ந்த பிட்டெல்லாம் அவனுக்குக் கூலி என்பது. அன்று அவித்த பிட்டு அத்தனையும் உதிர்ந்துபோயிற்று. தின்றுவிட்டு அவன் பாடினான், ஆடினான், உறங்கினான். கரை அடைபடவில்லை. அரசன் பிரம்பால் அடித்த அடி அரசன் முதுகு உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது.

இந்தக் கதை முழுவதும் ஒரு சமையல் பக்குவத்தின் மேல் நிற்கிறது. பிட்டு எப்போது உதிரும்? மாவில் ஈரம் போதாதபோது. இதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே காண வைக்கலாம். முப்பது பேருக்கு வறுத்த அரிசி மா ஒன்றரைக் கிலோ, மட்டமான மூன்று தேக்கரண்டி உப்பு, மூன்று தேங்காய். மாவை வகுப்பிலேயே இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கால் கிலோவைத் தனியே எடுத்து அதற்கு வந்தியின் பிட்டு என்றும், மிச்சத்துக்கு ஊரார் பிட்டு என்றும் பெயர் வையுங்கள். ஊரார் மாவுக்குக் கொதித்து இறக்கிய நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, முதலில் அகப்பைக் காம்பால் கிளறி, சூடு கை பொறுக்கும் அளவுக்கு வந்தபின் விரல் நுனியால் பிசிற வேண்டும். ஒன்றேகால் கிலோ மாவுக்கு முக்கால் லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை தண்ணீர் பிடிக்கும். மா பழையதா புதியதா, எவ்வளவு வறுபட்டது என்பதைப் பொறுத்து இது மாறும் என்பதால் அளவுச் சாடியை விடக் கையை நம்புவதே நல்லது. ஒரு பிடி எடுத்து அமுக்கினால் பிடியாக நிற்க வேண்டும், பெருவிரலால் தட்டினால் உடைய வேண்டும். நின்றபடியே இருந்தால் தண்ணீர் கூடிவிட்டது. அப்போது கொஞ்சம் உலர்ந்த மா தூவிச் சல்லடையில் தேய்த்துக் கட்டியை உடைக்கலாம். வந்தியின் கால் கிலோவுக்கு நூறு மில்லிலீற்றருக்கு மேல் ஊற்றாதீர்கள். அது பிடித்தால் நிற்காது, விரலிடுக்கில் வழியும்.

குழலில் முப்பது பேருக்கு அவிப்பது நடக்காத காரியம். இட்லிச் சட்டித் தட்டில் ஈரத்துணி விரித்து, மாவும் தேங்காய்ப்பூவும் அடுக்கடுக்காகத் தூவி, அமுக்காமல் மூடி அவிப்பதே சரி. அமுக்கினால் ஆவி ஏறாது, மேல் வெந்து நடு வேகாமல் நிற்கும். ஒரே ஒரு குழல் மட்டும் வைத்திருங்கள், அது வந்திக்கு. அவிந்ததும் குழலைச் சாய்த்துத் தள்ளினால் உருளையாக வராது, பொலபொலவென்று கொட்டும். அதைப் பார்த்ததும் எழும் ஆரவாரத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

கதையை முன்கூட்டியே முழுவதும் சொல்லிவிட்டால் இந்த இடம் வீணாகும். மா பிசிறும்போது வெள்ளமும் அரசாணையும். சட்டி அடுப்பில் ஏறும்போது வந்தியும் கூலியாளும் பேசிக்கொள்வது. ஆவி வரும் நேரத்தில் கூலியாள் தூங்குவது. இந்த நேரத்தில் பிள்ளைகள் மூடியைத் திறக்கத் துடிப்பார்கள், விடாதீர்கள். குழலைக் கொட்டியபின் பிரம்படி. கடைசியில் மாணிக்கவாசகரின் திருவம்மானையில் வரும் “மண்சுமந்து கூலிகொண்டு அக்கோவால் மொத்துண்டு” என்ற அடியைச் சேர்ந்து பாடலாம். வந்தியின் பிட்டு உலர்ந்து தொண்டையில் அடைக்கும். கொஞ்சம் தேங்காய்ப்பாலும் கித்துள் பாணியும் (கித்துள் மரத்துப் பாகு) ஊற்றிப் பிசைந்தால் ஊரார் பிட்டை விட முதலில் தீர்வது அதுதான்.

இதில் ஒன்றை ஒளிக்க வேண்டாம். மலையகத்துப் பிள்ளை இந்தக் கதையைக் கேட்டால் கூலியைப் பற்றிக் கேட்கும். வீட்டுக்கு ஓர் ஆள் என்று அரசன் கேட்டது நியாயமா, ஆளில்லாத கிழவி என்ன செய்வாள், அடித்தவனுக்கும் ஏன் வலித்தது? பேரும் (முழுநாள் கூலி) அரைப்பேரும் (அரைநாள் கூலி) கொழுந்து நிறையும் தினமும் பேசப்படும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் அவர்கள். கேள்வியை அடக்கி விடைத்தாளுக்குத் திரும்பாதீர்கள். புராணத்தின் நடு நரம்பே அந்தக் கேள்விதான்.

ஹட்டன் பக்கம் சுமார் 1,270 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 96 பாகை செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது, அங்கே 94 பாகை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அச்சான சமையற் குறிப்பில் எட்டு நிமிடம் என்றிருந்தால் இங்கே பன்னிரண்டு நிமிடம் விடுங்கள், நுவரெலியாவில் பதினைந்து. அடுப்பை எரித்துத் தள்ளுவதால் பயனில்லை. கொதிக்கும் நீர் அதற்கு மேல் சூடேறாது, விறகுதான் தீரும். பருப்பு, கடலை, பயறு எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. பிரஷர் குக்கர் ஒன்று கிடைத்தால் இந்தத் தொல்லை விடும்.

அடுத்தது கொழுக்கட்டை. சதுர்த்தி நிலவைப் பார்க்கக்கூடாது என்று பாட்டிமார் சொல்வதன் பின்னால் உள்ள கதை பிள்ளைகளுக்குப் பாதிதான் தெரியும். வயிறு முட்டக் கொழுக்கட்டை தின்ற பிள்ளையார் இரவில் மூஞ்சூறு மேல் வர, பாம்பைக் கண்டு மூஞ்சூறு மிரள, அவர் விழுந்து வயிறு வெடிக்க, சிதறியதைத் திரும்ப எடுத்துப்போட்டு அந்தப் பாம்பையே அரைஞாணாகக் கட்டிக்கொண்டாராம். மேலிருந்து சிரித்த சந்திரனுக்குச் சாபம் கிடைத்தது. இதற்குரிய பாடம் மிக எளிது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு உருண்டை மா கொடுங்கள். ஒன்றில் அளவாக ஒரு தேக்கரண்டிப் பூரணம். மற்றதில் ஆசை தீர எவ்வளவு வேண்டுமானாலும். ஆவியில் இரண்டாவது வெடித்துத் திறந்துகொண்டு வரும்.

அறுபது கொழுக்கட்டைக்கு வறுத்த மா ஒரு கிலோ, நன்றாகக் கொதிக்கும் நீர் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர், உப்பு இரண்டு தேக்கரண்டி, தேங்காயெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. பூரணத்துக்கு வறுத்து உடைத்த பயறு நானூறு கிராம், இரண்டு தேங்காய், வெல்லம் நானூறு கிராம், ஏலக்காய் பத்து. பயறை மலர வேகவிட்டு நீரை முழுவதும் வடித்துவிடுங்கள். குழைந்தால் பூரணம் கஞ்சியாகி மாவை நனைத்துவிடும், பிறகு அளவாக வைத்ததும் வெடிக்கும், பாடம் குழம்பும். நீர் கொதி அடங்கியிருந்தால் மா ஒட்டாது, மடிக்கும் இடத்தில் கீறும். மலையில் இன்னொரு சங்கடம், குளிருக்கு மா சட்டென்று ஆறி இறுகிவிடுகிறது. முழுவதையும் ஒரே தடவையில் குழைக்காமல் நான்கு பங்காகக் குழைத்து, ஈரத்துணியால் மூடி வைத்துப் பரிமாறுங்கள். இறுகிப்போனதை ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து மறுபடி பிசைந்தால் வழிக்கு வரும். பச்சைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் வராது.

கண்ணன் பிறப்புக்கு வெண்ணெயும் சீடையும் வேண்டியதில்லை, குசேலரின் அவல் போதும். அடுப்பே வேண்டாம் என்பதால் சமையலிடம் இல்லாத வகுப்புகளுக்கு இதுவே உகந்தது. பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில், வீட்டில் ஒன்றுமில்லாத குசேலரின் மனைவி அண்டை வீடுகளில் நாலு பிடி அவல் கேட்டு வாங்கி, கந்தைத் துணியில் முடிந்து கொடுத்தனுப்புகிறாள். பிள்ளைகளையும் அப்படியே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், நாலு காம்பராக் கதவைத் தட்டி, வீட்டுக்கு ஒரு பிடி வாங்கி, துணியில் முடிந்துகொண்டு வரச்சொல்லுங்கள். எல்லா வீட்டிலும் அவல் இராது, இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது அந்த வீட்டாருக்குச் சங்கடம். முதல்நாளே எட்டுப் பத்து வீடுகளில் கால் கிலோப் பொதி ஒவ்வொன்றைக் கொடுத்து வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. தடித்த அவல் பத்து நிமிடம் ஊறவேண்டும். மெல்லிய அவலைச் சல்லடையில் போட்டு நீரில் அலசினாலே போதும், ஊறப்போட்டால் களியாகிவிடும். கிலோவுக்கு வெல்லம் முந்நூறு கிராம், ஒரு தேங்காய். கண்ணன் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, இரண்டாம் பிடிக்குக் கை போனபோது தேவி கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தை ஒரு பிள்ளை நடித்துக் காட்டட்டும்.

கந்தபுராணத்துக்கு வருவோம். மலையகத்தில் பிறந்த பிள்ளைக்கு ஆறு காண்டமுள்ள அந்தப் பெருங்கதையைச் சொல்ல யாழ்ப்பாணத்துப் புராண படன மரபு, அதாவது கோயிலில் புராணத்தைப் படித்துப் பொருள் சொல்லும் வழக்கம், தேவையில்லை, நாட்காட்டியே சொல்கிறது. மாசியில் மூன்றாம் பிறை கண்டு காமன் ஊன்றித் தப்பு முழங்க நாம் ஆடும் காமன் கூத்துத்தான் தொடக்கம். தவத்திலிருந்த சிவனை எழுப்பக் கரும்பு வில்லோடு போய் மன்மதன் எரிந்தான், ரதி அழுதாள். பங்குனி உத்தரத்தில் சிவனுக்கும் உமைக்கும் திருமணம். வைகாசி விசாகத்தில் முருகன் பிறப்பு. ஐப்பசிச் சஷ்டியில் கடலில் மாமரமாக நின்ற சூரன் இரண்டாகப் பிளந்து மயிலும் சேவலுமாகிறான். கதிர்காமத்துக் கொடி ஏறும் ஆடியில் வள்ளி. வேல் பெற்ற தைப்பூசமும் வள்ளியின் ஆடியும் மட்டும் வரிசையில் முந்திக்கொண்டு வந்துவிடுகின்றன, அவற்றை ஆசிரியர் சொல்லிச் சரிசெய்துவிடலாம். கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கு என்றும் புராணத்தைப் படிப்பு என்றும் பிரித்து வைத்ததால் நம் பிள்ளைகள் தாங்கள் ரதியாக வேடமிட்டு ஆடியதுதான் கந்தபுராணத்தின் முதல் முடிச்சு என்று தெரியாமலே வளர்கிறார்கள். தவறு பிள்ளைகளிடம் இல்லை.

இந்தப் பெருங்கதையில் சமையலாகக் கூடிய இடம் கடைசியில் இருக்கிறது. தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் கிழவனாக வந்த முருகன் பசி என்கிறான், அவள் தேனும் தினைமாவும் தருகிறாள். தின்றதும் தாகம், சுனையைக் காட்டச் சொல்லி அவளை அழைக்கிறான். அந்தத் தாகம் வெறும் சாக்கு என்று நினைப்பவர்கள் உலர்ந்த தினைமாவை ஒரு வாய் போட்டுப் பார்க்கவேண்டும். அது நாக்கில் ஒட்டி மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும், தண்ணீரின்றி இறங்காது. பிள்ளைகளுக்கு முதலில் கால் தேக்கரண்டி, உட்கார்ந்தபடி, பேசாமல் தின்னச் சொல்லுங்கள். மூச்சை உள்ளிழுத்தால் புரையேறும், அதனால் சிரிப்பு மூட்டாதீர்கள், தண்ணீர்க் குவளை பக்கத்திலேயே இருக்கட்டும். யார் முதலில் தண்ணீர் கேட்கிறாரோ அவர்தான் கிழவன். அதன்பிறகு தேன் விட்டு உருண்டை பிடிக்கலாம்.

முப்பது பேருக்குத் தினை அறுநூறு கிராம், தேன் கால் லீற்றர், ஏலக்காய் சிறிது. கடையில் தினை என்றால் புரியாவிட்டால் சிங்களத்தில் தணஹால் என்று கேட்டுப் பாருங்கள். உமி நீங்கியதா என்று பார்த்து வாங்குங்கள், உமியோடு அரைத்தால் தொண்டையைக் கீறும். நம் பக்கத்து மூட்டத்தில் கழுவி வெயிலில் உலர்த்தக் காத்திருந்தால் புளித்த வாடை ஏறிவிடும். கழுவாமல் புடைத்துக் கல் பொறுக்கி, சிறு தீயில் பொரிந்து மணம் வரும்வரை பத்து நிமிடம் வறுத்து, முற்றாக ஆறியபின் அரைப்பதே நல்லது. சூட்டோடு அரைத்தால் ஆவி நீராகி மா கட்டி கட்டியாக ஒட்டும். தேன் கிடைக்காமல் கித்துள் பாணி ஊற்றினாலும் ருசிக்குக் குறைவில்லை, ஆனால் அது பாணி என்றே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அக்காமார் இடுப்பில் தூக்கிவரும் கைக்குழந்தைகளுக்கு இதில் ஒரு துளியும் தொட்டு வைக்கக்கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆபத்து.

மார்கழியில் திருவெம்பாவை முடியும் திருவாதிரைக்குக் களி. விறகு விற்றுப் பிழைத்த சேந்தனார் கதையில் மழைக்கு விறகு நனைந்து விலைபோகாமல் அரிசி வாங்க வழியில்லை, இருந்த மாவைக் கிண்டிக் களியாக்கி வந்த அடியாருக்கு இடுகிறார். மறுநாள் தில்லைக் கருவறையில் களி சிதறிக் கிடந்தது. நனைந்த விறகு என்றால் என்ன என்று மலையகத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணைக் கரிக்கும் புகையே கதையின் முதல் அத்தியாயம். சேற்றில் புதைந்த தேரை ஓடவைக்க அவர் பாடிய திருப்பல்லாண்டு பதின்மூன்று பாட்டு, அதில் முதற்பாட்டையாவது கிண்டிக்கொண்டே பாடப் பழக்கலாம். கிண்டும் நேரம் அதற்குத் தாராளமாகக் காணும்.

அளவு: பச்சரிசி முக்கால் கிலோ, பயறு நூறு கிராம், வெல்லம் ஒரு கிலோ, தண்ணீர் இரண்டரை லீற்றர், நெய் நூற்றைம்பது கிராம், தேங்காய் ஒன்று. அரிசியையும் பயறையும் தனித்தனியே பொன்னிறமாக வறுத்து, அரிசியை ரவையாக உடைக்க வேண்டும். வழக்கமாக வெல்லநீரைக் கொதிக்கவைத்து அதில் ரவையைத் தூவுவார்கள். மலையில் அப்படிச் செய்தால் பெரும்பாலும் நடுவில் நறுக்கென்று வேகாத அரிசி நிற்கும். வெல்லம் தண்ணீரைத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்கிறது, கொதிநிலையும் இங்கே குறைவு, அரிசிக்கு இரண்டு பக்கமும் நட்டம். ஆகவே இரண்டு லீற்றர் வெறுந்தண்ணீரில் பயறையும் ரவையையும் மசிய வேகவைத்துவிட்டு, மிச்ச அரை லீற்றரில் வெல்லத்தைக் கரைத்து மண் வடிகட்டிப் பிறகு ஊற்றுங்கள். இளகும், பயப்படாமல் கிண்டினால் பத்து நிமிடத்தில் திரளும். களியோடு பரிமாறும் ஏழு காய்க் குழம்புக்குத் தமிழ்நாட்டுப் பட்டியலைத் தேடி அலையவேண்டாம். கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு, சவ்சவ், பூசணி, முள்ளங்கி, பச்சை மொச்சை என்று பக்கத்துத் தோட்டத்தில் விளைவது ஏழு ஆகிவிடும்.

எதை விடவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். நவராத்திரிக் கடலையில் மகிடாசுரன் இல்லை, கதை விஜயதசமியன்று அவனாக எண்ணி வெட்டும் வாழையில் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே நிறுத்திச் சொல்லுங்கள். தீபாவளி முறுக்குக்கும் அதிரசத்துக்கும் நரகாசுரனுக்கும் உறவில்லை, எண்ணெய்க் குளியலுக்குத்தான் உறவு. தவிர, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி முப்பது பிள்ளைகளை நிறுத்துவது புத்தியான காரியமல்ல. தைப்பொங்கலில் பானைக்குள் கதை தேடுவதை விட, பக்கத்தில் சாத்திவைத்த கரும்பை எடுங்கள். சங்கராந்தியன்று மதுரையில் சித்தர் ஒருவர் கல் யானையைக் கரும்பு தின்னவைத்த கதை திருவிளையாடலில் 21ஆவது. ஒரு முழக் கரும்பைக் கையில் கொடுத்துப் பல்லால் உரிக்கச் சொன்னால் கல் யானையின் சிரமம் தெரியும்.

கத்தோலிக்க, கிறிஸ்தவ மறைக்கல்வி நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. புனித வாரத்தில் பெரிய வியாழனன்று யாத்திராகமம் பன்னிரண்டாம் அதிகாரம் சொல்ல உங்களிடம் எல்லாம் தயாராக இருக்கிறது. எகிப்தை விட்டு அவசரமாகப் புறப்பட்டதால் மா புளிக்க நேரமில்லை என்பதே அந்த அப்பத்தின் கதை. லயத்தில் தினமும் சுடும் கோதுமை ரொட்டி, ஈஸ்ட் சேராதவரை, புளிப்பில்லா அப்பத்துக்கு மிக நெருக்கமான உறவு. யூத மரபில் மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் அது அடுப்பில் வெந்துவிட வேண்டும். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து அதே கெடுவில் ஒரு கிலோ மாவைத் தேங்காயும் எண்ணெயும் சேர்க்காமல் பிசைந்து, மெல்லியதாகத் தட்டிச் சுடவைத்துப் பாருங்கள். இடுப்புக் கச்சையும் காலில் செருப்பும் கையில் கோலுமாக அவசரமாகத் தின்னவேண்டும் என்பது வசனம். கசப்புக் கீரைக்கு வல்லாரை இருக்கிறது.

நடைமுறைக்கு இன்னும் சில. எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அடுப்புப் பக்கம் வேலை வேண்டாம், தேங்காய்ப்பூ தூவுவது, உருண்டை பிடிப்பது போதும். ஆறு பேருக்கு ஒரு பெரிய பிள்ளை என்று குழு பிரித்தால்தான் தொண்ணூறு நிமிடத்தில் முடியும். ஒரே அடுப்பு, ஒரே சட்டி என்றால் ஒரு தட்டு வேக மற்றவர்கள் சும்மா நிற்பார்கள், சும்மா நிற்கும் பிள்ளை கதை கேட்காது. கச்சானும் எள்ளும் சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, பெற்றோரிடம் முன்பே கேட்டு வையுங்கள். சஷ்டி, சிவராத்திரி நாட்களில் பிள்ளைகளை முழுப்பட்டினி போட்டுக் கதை சொல்ல வேண்டாம். பசித்த பிள்ளையின் காதில் சூரசங்காரம் ஏறாது. செலவை ஒரே கோயில் கமிட்டியின் தலையில் போடாமல், மாவை ஒரு டிவிசனும் (தோட்டப் பிரிவும்) தேங்காயை இன்னொன்றும் தந்தால் யாருக்கும் பாரமில்லை. அண்டாவும் பெரிய சட்டியும் கோயிலில் திருவிழாவுக்கு மட்டும் இறங்கி மற்ற நாட்களில் கவிழ்ந்தே கிடக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறு மடப்பள்ளித் திறப்பை அறநெறி ஆசிரியர் கையில் கொடுக்கக் கமிட்டித் தலைவர்கள் மனம் வைக்கவேண்டும்.

ஆசிரியரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பண்டிகைச் சிறப்பிதழ்கள் பண்டிகையன்று காலையில்தான் வருகின்றன. தத்துவ விளக்கம் ஒரு பக்கம், வாழ்த்துச் செய்திகள் நாலு பக்கம். அன்று காலை அரிசி ஊறப்போட நேரம் எங்கே? சிறுவர் பகுதியில் அரைப் பக்கம் ஒதுக்கி, பண்டிகைக்குப் பத்து நாள் முந்திய ஞாயிறன்றே அந்தக் கதையையும் பண்டத்தையும் அளவோடு வெளியிட்டால், தோட்டத்துக்குப் பத்திரிகை மறுநாள் பிந்தி வந்தாலும் பயன்படும். அளவுகளை முப்பது பேருக்கென்று போடுங்கள். நாலு பேருக்கென்று போட்டால் பெருக்கும்போது உப்பில்தான் முதலில் பிழை வரும். மேல்நாட்டுத் தோட்டங்களுக்கு வேகும் நேரத்தைக் கூட்டிப் போடவும் மறக்கவேண்டாம்.

ஆவணி மூலத்துப் பிட்டுக்கு மா வறுப்பவர்கள் இந்த வாரமே வறுத்துவிடலாம். மணல் போல் கையில் சரியும்வரை, நிறம் மாறாமல், சிறு தீயில் வறுத்து, பேப்பரில் பரப்பி ஓர் இரவு முழுவதும் ஆறவிட்டுச் சலித்த பின்பே டின்னில் அடையுங்கள். இளஞ்சூட்டோடு மூடினால் இந்தக் குளிரில் மூடிக்கடியில் வேர்த்து நீர் சொட்டி, நாலாம் நாளே பூஞ்சணம் பிடித்துவிடும்.

இப்படிக்கு,
அறநெறி ஆசிரியர்கள் சிலர்,
ஹட்டன்.